வால்வு சூடாகும் நேரம்

மீட்டர் முள் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவில்லை. எழுந்தது. விடுமுறை நாள் காலையில் போர்வையை விலக்கி, ஒரு காலைக் கீழே வைத்து, யோசித்து, மறு காலையும் வைக்கிற ஆள் மாதிரி, பூஜ்யத்திலிருந்து நூறுக்கும் நூறிலிருந்து இருநூறுக்கும் அவசரமே இல்லாமல் ஏறி, நானூறை எட்டி நின்றது.

“என்ன தம்பி?” என்றாள் அக்கா, கதவு நிலையில் சாய்ந்தபடி.

“ஒண்ணுமில்லக்கா.”

முள் சற்றே அமுங்கியது. பிறகு மெல்ல எழுந்து பழைய இடத்துக்கு வந்தது.

ஒரு முள் மெதுவாக ஏறினால் பயப்பட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கலாம். அவனால் கேட்க முடியவில்லை. கல்லூரியில் அவன் பெயர் டயோடு. பேச்சு அவனிடமிருந்து வெளியே மட்டும்தான் போகும், உள்ளே எதுவும் போகாது என்பதால் அந்தப் பெயரை வைத்தவன் தாத்தா. தாத்தா என்பது அக்காவின் தம்பி. இருபத்தொரு வயது. வால்வு வைத்த பழைய கிதார் ஆம்ப்ளிஃபையர், முட்டி கிழிந்த கால்சட்டை, எதற்கெடுத்தாலும் “அந்தக் காலத்துல” என்று ஆரம்பிக்கும் வாய் எல்லாம் சேர்ந்து, பேரன் இல்லாமலேயே தாத்தா ஆனவன். அவன் இறந்து ஒரு மாதம் ஆகிறது. இது அவன் அறை. இது அவன் ஆம்ப். இதில்தான் இறந்தான்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் ஆம்ப்புக்கு அப்படியே உதவாது. அதை ஒரே திசையில் ஓட வைத்து அனுப்ப உள்ளே ஒரு வாசல் வேண்டும், ரெக்டிஃபையர் என்பார்கள். பழைய ஆம்ப்களில் அந்த வாசல் ஒரு கண்ணாடி வால்வு. அதன் உள்ளே இருக்கும் இழை சிவந்து சூடாகும்வரை பெரிய வோல்டேஜ் வராது. புதியவற்றில் மிளகு அளவில் டயோடுகள். சூடாக வேண்டிய வேலையே இல்லை. சுவிட்சைத் தொட்ட கணமே நானூறு வோல்ட் வந்து நிற்கும். வால்வு கதவைத் தட்டிவிட்டு வரும். டயோடு கதவோடு சேர்ந்து வரும்.

இப்போது இந்த ஆம்ப்பில் இருப்பது டயோடு. அப்படியானால் முள் துள்ள வேண்டும்.

டயோடு இருப்பது இந்த உலகத்தில் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஏனென்றால் வைத்தவன் அவன்.

“வால்வு மூச்சு விடும்டா,” என்பான் தாத்தா, கேன்டீனில், வாயில் எதையாவது மென்றுகொண்டே. “கிதார்ல ஒரு கோர்டை ஓங்கி அடிச்சுப் பாரு. ஒரு நொடி அமுங்கி வாங்கிக்கும். அப்புறம் எழும்பி வரும். மன்னிக்கிற குணம் அதுக்கு. உன் டயோடு வாங்காது. அடிச்சா திருப்பி அடிக்கும்.”

“அது மன்னிப்பு இல்ல தாத்தா, வோல்டேஜ் குறையுது. இதே உன் வீட்டு ஃபேன்ல நடந்தா கரண்ட் ஆபீசுக்கு போன் போட்டுத் திட்டுவ. கிதார்ல நடந்தா கவிதை எழுதுற.”

“காது இருக்கிறவனுக்குத் தெரியும்.”

“எனக்கும் ரெண்டு இருக்கு. எண்ணிப் பாத்துக்கோ.”

ஒரு வருடம் ஓடிய சண்டை. அதை ஒரேயடியாக முடித்துவைக்க அவன் போட்ட திட்டம் உண்மையிலேயே அழகானது. செத்துப்போன ஒரு வால்வின் கண்ணாடியை உடைத்துவிட்டு அடிப்பாகத்தை மட்டும் எடுத்தான். அதற்குள் டயோடுகளைப் பற்றவைத்தான். தாத்தா வீட்டில் இல்லாத ஒரு மாலை, “பாட்டுப் புத்தகம் ஒண்ணு எடுக்கணும்க்கா” என்று மாடி ஏறி, நல்ல வால்வைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினான். மேலே ஒரு தகர மூடி உண்டு, வெளியே தெரியாது. ஒரு வாரம் தாத்தா வாசித்து, ‘ஆகா, என்ன மூச்சு’ என்று எல்லார் முன்னாலும் உருகிய பிறகு மூடியைத் திறந்து காட்டுவது என்று ஏற்பாடு. கல்லூரிச் சுவர் இதழுக்குக் கட்டுரைகூடத் தயார். தலைப்பு: மூச்சு விடும் டயோடு, ஒரு மருத்துவ அறிக்கை.

எல்லாவற்றையும் யோசித்தவன் தாத்தாவின் கையை யோசிக்கவில்லை.

அந்த ஆம்ப்பில் வேறொரு வால்வின் அடியில் ஒரு ஒயர் தொளதொளத்துக் கிடந்தது. அதனால் சில நாள் அந்த வால்வு எரியாது. பற்றவைத்தால் பத்து நிமிட வேலை. எனவே தாத்தா இரண்டு வருடமாகச் செய்யவில்லை. பின்பலகையைக் கழற்றியே போட்டிருப்பான். சுவிட்சைப் போட்டதும் கையை உள்ளே விட்டு அந்த ஒயரை விரலால் அழுத்துவான், இழை சிவக்கும், கையை எடுத்துவிடுவான். அந்த ஒயருக்குப் பக்கத்தில், வால்வின் கால் செருகும் ஊசியில்தான் நானூறு வோல்ட். ஆனால் ரெக்டிஃபையர் வால்வு சூடாகாமல் அது வராது. அதற்கு எப்படியும் பத்து நொடி ஆகும். தாத்தா எட்டு வரை வாய்விட்டு எண்ணுவான். மிச்சம் ரெண்டு கடவுளுக்கு என்பான்.

எத்தனையோ முறை பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்தவன் டயோடு.

அக்கா அப்போது கீழே இருந்தாள். மாடியில் “ஒண்ணு” என்று தம்பியின் குரல் கேட்டது, “சாப்பிட வாடா” என்று கூப்பிட்டாள், நாற்காலி விழுந்தது. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். “நான் கூப்பிட்டேன். அவனுக்கு எண்ணிக்கை தப்பிடுச்சு,” என்று வந்தவர்கள் எல்லாரிடமும் சொன்னாள். அழாமல், விலாசம் சொல்வதுபோலச் சொன்னாள். டயோடு பக்கத்தில்தான் நின்றிருந்தான். வால்வை நான்தான் மாத்தினேன். மூன்று சொல். நாற்காலிகளை எடுத்துப் போடுவதில் அவன் மிகவும் உதவியாக இருந்தான்.

இப்போது அக்காவின் அம்மாவும் அப்பாவும் மாமா வீட்டுக்குப் போய்விட்டார்கள். அக்கா மட்டும் அறையை ஒழிக்கத் தங்கியிருந்தாள். நேற்று போன் செய்தாள். “ஆம்ப்பை யாருக்காவது கொடுத்துடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி பாரு தம்பி. அதுல ஏதாவது கோளாறு இருந்துச்சுன்னா சொல்லு. அது ஒண்ணு தெரிஞ்சா நான் தூங்கிடுவேன்.”

தம்பி. முன்பெல்லாம் ‘டேய் டயோடு’தான். தம்பி என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் வேறு ஆள் இருந்தான். அது காலியானதும் கையில் கிடைத்தவனுக்கு மாட்டிவிட்டாள். அளவு சரியில்லாத சட்டை மாதிரி அது அவன் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

அவன் வந்தது கோளாறு பார்க்க அல்ல. பையில் ஒரு காலுறை இருந்தது, காலுறைக்குள் நல்ல வால்வு இருந்தது. புதிதாக வாங்குகிறவன் தகர மூடியைத் திறப்பதற்குள் இதை மாற்றிவிட வேண்டும். ஆனால் அக்கா நகரவில்லை. “முதல்ல போட்டுப் பாரு, நான் நிக்கிறேன்” என்றாள். அதனால் எரிந்த ஃபியூசை மாற்றி, மீட்டரின் கவ்விகளை உள்ளே பொருத்தி, சுவிட்சைப் போட வேண்டியதாகிவிட்டது.

“டீ போடுறேன்,” என்று அவள் இறங்கிப் போனாள்.

அவன் சுவிட்சை அணைத்தான். முள் இறங்கியது. மறுபடி போட்டான்.

இந்த முறை இன்னும் மெதுவாக எழுந்தது.

மீட்டர் பழசு, ஒன்று. வீட்டில் வோல்டேஜ் கம்மி, இரண்டு. ஒரு மாதம் சும்மா கிடந்ததில் உள்ளே ஏதோ ஈரம், மூன்று. மூன்று காரணமும் நல்ல குடும்பத்துக் காரணங்கள். எதையும் சந்தேகிக்க முடியாது. அவற்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவன் முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். ஜன்னலுக்கு வெளியே மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம் எதிர்வீட்டுச் சுவரில் விழுந்து, அங்கிருந்து களைத்துப்போய் அறைக்குள் வந்து, கட்டிலில் யாரும் மடிக்காத போர்வை மேலும், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சட்டை மேலும், மேசையில் கிடந்த கிதார் மீட்டும் வில்லை மேலும் ஒரே மாதிரி படிந்துகொண்டிருந்தது. ஆம்ப்பிலிருந்து சூடான தூசியின் மணம் எழுந்தது. அதற்கு அடியில் வேறொரு வாசனை. நகம் கருகியது போல. ஸ்பீக்கரில் உம் என்ற ரீங்காரம் வந்துவிட்டது. கிதார் எதுவும் இணைக்கப்படவில்லை. ஒரே சீராக இருக்க வேண்டிய அந்த ரீங்காரம் கொஞ்சம் தடித்து, கொஞ்சம் மெலிந்து, நின்று, மறுபடி தடித்தது. மெலியும்போதெல்லாம் முள் அமுங்கியது. தடிக்கும்போது எழுந்தது. மூலையில் சாய்த்து வைத்திருந்த கிதாரின் தடித்த கம்பி அதோடு சேர்ந்து, கேட்டும் கேட்காமலும், முனகியது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தான். அவனும் அதே வேகத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான்.

நிறுத்திப் பார்த்தான்.

ஆம்ப் நிறுத்தவில்லை.

“தாத்தா?” என்றான். குரல் விளையாட்டாக வரும் என்று நினைத்தான். வரவில்லை.

முள் அமுங்கியது. அமுங்கி அங்கேயே நின்றது. எதிரில் உட்கார்ந்து முழங்கையை முட்டியில் ஊன்றி, ‘நீ சொல்லு, கேக்கிறேன்’ என்று சற்றே முன்னால் சாய்கிறவன் மாதிரி நின்றது. அவசரப்படுத்தவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

“வால்வை...” என்றான்.

“தம்பீ... சர்க்கரை போடலாமா?”

கீழிருந்து அக்காவின் குரல். அவன் நாற்காலியோடு பின்னால் போய்விட்டான். கீழே சத்தம் நின்றது. கரண்டி நின்றது. குழாய் நின்றது. பிறகு படியில் காலடி, பாதி வரை.

“அன்னிக்கும் அடுப்படியில நின்னு இப்படித்தான் கூப்பிட்டேன்,” என்றாள் அக்கா. அவள் முகம் தெரியவில்லை, கைப்பிடியில் இருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. “இதே குரல்தான்.”

இதுதான் சமயம். இதைவிட நல்ல சமயம் எவனுக்கும் வாய்க்காது.

“போடுங்கக்கா,” என்றான். “ரெண்டு ஸ்பூன்.”

காலடி இறங்கிப் போனது. அவன் திரும்பியபோது முள் இன்னும் அமுங்கியபடியே காத்திருந்தது.

அவன் சுவிட்சை அணைத்தான். பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே தேங்கி நிற்கும் மின்சாரமும் ஆளைக் கொல்லும் என்பதால் அதையும் ஒரு ஒயரால் தரையிறக்கி, முள் பூஜ்யத்தில் படுத்ததைப் பார்த்துக்கொண்டான். இந்த வகை ஜாக்கிரதையில் அவன் கெட்டிக்காரன். தகர மூடியைத் தூக்கி, டயோடு அடைத்த அந்தக் கட்டையைப் பிடித்து இழுத்தான்.

சூடாக இருந்தது.

டயோடுக்குச் சூடு கிடையாது. சுடவும் இல்லை அது. உள்ளங்கைச் சூடு. பரீட்சை முடிந்து வெளியே வந்ததும் தாத்தா பிடித்துக் குலுக்குகிற கையின் சூடு. அவன் நல்ல வால்வை வெளியே எடுத்துவிட்டு அதைக் காலுறைக்குள் போட்டு, காலுறையைப் பையின் அடியில் திணித்து, பை மேல் உட்காரலாமா என்றுகூட யோசித்தான். நல்ல வால்வை அதன் இடத்தில் சொருகினான். கண்ணாடி சில்லென்று இருந்தது.

உலகம் பழையபடி ஆகிவிட்டது. சாட்சி இல்லை. தவறு இல்லை. தாத்தா மட்டும் இல்லை.

சரிபார்க்க ஒரே ஒரு முறை பிளக்கைச் செருகி சுவிட்சைப் போட்டான்.

டக்.

முள் மறுகோடியில் போய் மோதியது. கண் இமைப்பதற்குள். நானூறு. நானூற்று இருபது. அமுங்கவில்லை. அசையவில்லை. மூடி போடாத வால்வு அவன் கண் முன்னாலேயே இருந்தது. இழை சிவக்கவில்லை. கண்ணாடி இருட்டாக இருந்தது. சூடாகாத வால்வு வழியே எதுவும் வர முடியாது. வந்து நின்றுகொண்டிருந்தது.

ரீங்காரம் இல்லை. மூச்சு இல்லை. அறையில் இத்தனை நேரம் கூட இருந்த யாரோ எழுந்து போய்விட்டது போன்ற ஒரு வெறுமை.

அணைத்தான். பிளக்கைப் பிடுங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டான். தரையிறக்கினான். முள் பூஜ்யம். மறுபடி தரையிறக்கினான். பூஜ்யம்.

அக்கா இரண்டு கோப்பைகளோடு வந்தாள். மேசையில் வைத்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டது. யாரும் விளக்கைப் போடவில்லை.

“ஏதாவது தெரிஞ்சுதா?”

“இல்லக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

“வால்வு?”

“நல்ல வால்வுக்கா.”

அவள் தலையாட்டினாள். டாக்டர் சொல்வதைக் கேட்பது போல. “அப்ப நான் கூப்பிட்டதுதான்.”

“அப்படியெல்லாம் இல்லக்கா.”

“வேற என்ன?”

அவன் டீயைக் குடித்தான். சர்க்கரை சரியாக இருந்தது.

“எங்க கை வைப்பான்?” அக்கா ஆம்ப்புக்கு முன்னால் தாத்தாவின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “இந்த ஒயரா? எட்டு வரைக்கும்தானே? நான் எண்ணுறேன். நீ நடுவுல என்னைக் கூப்பிடு. கூப்பிட்டா எண்ணிக்கை தப்புமான்னு நான் பாக்கணும் தம்பி. ஒரே ஒருவாட்டி.”

“வேணாம்க்கா.”

“ஏன்? நல்ல வால்வுன்னு சொன்னியே.”

அவன் கையில் பிளக் இருந்தது. அதுதான் அவனைக் காப்பாற்றியது. அப்படித்தான் அந்த நொடியில் நினைத்தான். பிளக் கையில் இருக்கும்போது ஆம்ப் வெறும் பெட்டி. எண்ணட்டும். எட்டு வந்ததும் எழுந்து போய்விடுவாள். எதையும் சொல்லத் தேவையில்லை. அவன் பிளக்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, தடுக்காமல் நின்றான்.

அக்கா சுவிட்சைப் போட்டாள்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் கையைப் பார்த்தான். பிளக் கையில்தான் இருந்தது. மூன்று பித்தளை முனையும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

டக். முள் மறுகோடியில்.

“ஒண்ணு,” என்றாள் அக்கா, விரலை உள்ளே வைத்து. ஒயருக்கு அந்தப் பக்கம் இருந்த வால்வு சிவக்க ஆரம்பித்தது. “ரெண்டு. மூணு. கூப்பிடு தம்பி.”

அவள் தொட்டுக்கொண்டிருந்தது ஒயரை மட்டும் அல்ல. பக்கத்து ஊசியையும். அவனுக்கு நன்றாகத் தெரிந்தது.

“நாலு. அஞ்சு. கூப்பிடேன்.”

“அக்கா.”

“ஆறு. பாத்தியா, தப்பல. ஏழு. எட்டு.” அவள் நிமிர்ந்தாள். முகத்தில் ஒரு மாதத்தில் முதல்முறையாக ஏதோ வெளிச்சம். “தப்பலடா. நான் கூப்பிட்டதுனால இல்ல. அப்ப அது...”

நின்றாள். கையைப் பார்த்தாள். தோள் ஒருமுறை பின்னால் போனது. கை போகவில்லை.

“தம்பி,” என்றாள். சாதாரணமாக. கதவு சிக்கிக்கொண்டதைச் சொல்வது போல. “கை வரமாட்டேங்குது.”

நகம் கருகும் வாசனை.

சிவந்த வால்வின் வெளிச்சம் எதிர்ச்சுவர் வரை போயிருந்தது. சுவரில் அவள் நிழல். அவள் கையின் நிழல். அவள் மணிக்கட்டைப் பிடித்தபடி இன்னொரு கையின் நிழல். கொடூரமாகப் பிடித்திருக்கவில்லை. எண்ணிக்கை முடியும்வரை பிடித்திருப்பது போல, பொறுமையாக.

“ஒன்பது,” என்றது ஸ்பீக்கர்.

அக்கா எண்ணவில்லை. அக்காவின் உதடுகள் மூடியிருந்தன. அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று சொல்.

அவன் வாயைத் திறந்தான். முள் அமுங்கியது. கொஞ்சம்தான். காது கொடுக்கிற அளவுக்கு. அவன் நெஞ்சிலிருந்து அந்தச் சொற்கள் கிளம்பின, தொண்டைக்கு வந்தன, நாக்குக்கு வந்தன.

“ஒண்ணுமில்லக்கா,” என்றான்.

முள் எழுந்து மறுகோடிக்குப் போனது. இனி அமுங்கப்போவதில்லை என்பது போல அங்கே நின்றது. அவன் கைப்பிடிக்குள் பிளக் மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தது, உள்ளங்கைச் சூடு. சுவரில் நிழல் தன் மற்றொரு கையை, அக்காவைத் தாண்டி, அவன் நிழலை நோக்கி நீட்டியது.

“பத்து.”